இரண்டு கதவுகளுக்கு நடுவே என் மேசை

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் எனக்கு வேலை. கல்யாண வரவேற்பு, கம்பெனி விருந்து, அறுபதாம் கல்யாணம் என்று எது நடந்தாலும் எப்போது சாப்பாடு, எங்கே மேடை, யாருக்கு என்ன என்பதை ஒவ்வொரு பிரிவுக்கும் சொல்லி, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. அடையாள அட்டையில் ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் நான் அங்கே தபால்காரி.

என் மேசை ஒரு நீண்ட நடைவழியில் போடப்பட்டிருக்கிறது. இடது கைப்பக்கம் சமையலறைக் கதவு. வலது கைப்பக்கம் பராமரிப்புப் பிரிவின் கதவு. ஒரு பக்கம் வெங்காயம் வதங்கும் வாசனை, மறுபக்கம் கிரீஸ் வாசனை. செங்கல்பட்டிலிருந்து காலையில் ஸ்டாஃப் வேனில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கும்போது தலையில் வைத்திருந்த பூ, பத்து மணிக்குள் எந்த வாசனையும் இல்லாமல் போய்விடும்.

இரண்டு கதவுக்கும் தலா ஒரு பெரிய மனிதர். சமையலறைத் தலைவரை எல்லோரும் செஃப் என்போம். கருங்குழிப் பக்கத்துக்காரர், கப்பலில் சமைத்தவர், குரல் கொஞ்சம் உரத்தது. பராமரிப்புக்குப் பொறுப்பாளர் ஓர் எஞ்சினியர். திருச்சிப் பக்கமிருந்து வேலைக்காக வந்து, திருப்போரூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர். சாதாரணமாக அவர் குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார், அதுதான் பயம்.

இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்த வழக்கம் அது.

அன்றைக்கும் ஒரு வரவேற்புதான். பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் கத்தியது. விதி என்ன சொல்கிறதோ அதன்படி எஞ்சினியர் வெளியே இருக்கும் மெயின் வால்வை மூடிவிட்டார். உள்ளே எல்லா அடுப்பும் ஒரே நொடியில் அணைந்தது. கடைசியில் பார்த்தால் கசிவு எதுவும் இல்லை. கடல் உப்புக் காற்று பட்டு அலாரம் கெட்டிருந்தது. ஆனால் சாப்பாடு தாமதமானது தாமதமானதுதான். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் செஃப்பை நிற்கவைத்து, வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். செஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினியர் அப்போது வால்வு பக்கத்தில் இருந்தார், இது அவர் காதுக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை எல்லாப் பிரிவுகளும் நின்றபடி நடத்தும் கூட்டத்தில் செஃப் வெடித்தார்.

"வேலை தெரியாத ஆளுங்கள வெச்சிக்கினு நாம இன்னா ஓட்டல் நடத்தறது?"

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எஞ்சினியர் தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். படித்து, இத்தனை வருடம் வேலை பார்த்த மனிதரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபக்காரன், சிடுமூஞ்சி, சோம்பேறி என்றுகூடச் சொல்லலாம். வேலை தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. அது ஆறவே ஆறாது.

அதற்குப் பிறகு எல்லாம் என் மேசை வழியாகத்தான். இரண்டு பேரும் ஒரே நடைவழியில், என் மேசைக்கு இப்படியும் அப்படியும் நின்றுகொண்டு, ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு நன்றாகக் கேட்கும் தூரத்தில் இருந்தாலும், என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அப்படி நேரில் நின்றால் எனக்கு வேலை சுலபம், நான் எதுவும் சொல்ல வேண்டாம். கஷ்டம் என்னவென்றால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். செஃப் வந்து என் மேசையைத் தட்டுவார்.

"அந்த ஆள கேளும்மா. கூலிங் ரூமு சூடாவுது. மீனு கெட்டுப்போனா அவரு வூட்டுக்கு எடுத்துகினு போயி துன்னுவாரா?"

நான் எழுந்து வலது கதவைத் திறப்பேன். "சார், உங்களுக்குத் தெரியாதது இல்ல. கூலிங் ரூம் கொஞ்சம் சூடு காட்டுதாம். நீங்க ஒரு பார்வை பாத்துட்டா தனக்கு நிம்மதின்னு செஃப் சொன்னார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "கதவைத் திறந்து போட்டுட்டுக் கூலிங் இல்லைன்னா எப்படி மேடம்? கதவுன்னு ஒண்ணை எதுக்கு வச்சிருக்காங்கன்னு அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

திரும்பி இடது கதவு. "செஃப், உங்களுக்குத் தெரியாதது இல்லன்னு சார் சொல்லச் சொன்னார். கதவு சரியா மூடாம இருக்கும்போல. நம்ம பசங்களை கொஞ்சம் அழுத்தி மூடச் சொன்னார்."

இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. செய்தியில் நான் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கதவை மூட வேண்டும், மூடச் சொல்லியாகிவிட்டது. மேலே சுற்றியிருக்கும் காகிதத்தை மட்டும் மாற்றினேன்.

அந்தத் "தெரியாதது இல்ல" என் சொந்தச் சரக்கும் அல்ல. செங்கல்பட்டில் எந்த அலுவலகத்துக் கவுன்டரில் நின்றாலும் கேட்கலாம். "எனக்கு இது வேணும்" என்று ஆரம்பித்தால் உள்ளே இருப்பவர் நிமிர மாட்டார். "சார், உங்களுக்குத் தெரியாதது இல்ல" என்று ஆரம்பித்தால் முகம் மேலே வரும். வேலை தெரியாதவர் என்று அவமானப்பட்ட மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தோன்றவில்லை. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாதே என்று செஃப்புக்கும் கொடுத்தேன்.

போகப் போக எனக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "ஏன் லைட் எரியல?" என்று கேட்டால் கேட்கப்பட்டவர் காரணம் தேடுவார். "எப்பலேருந்து எரியல?" என்று கேட்டால் யோசித்துப் பார்த்துப் பதில் சொல்வார். "உங்க ஆளு உடைச்சிட்டான்" என்றால் சண்டை. "உடைஞ்சிடுச்சு" என்றால் யாராவது துடைப்பம் எடுத்துக்கொண்டு வருவார்கள். "உங்க" வருகிற இடத்திலெல்லாம் "நம்ம" போட்டுப் பார்ப்பேன். முழு நாளும் இப்படிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் உள்ளே மிச்சம் எதுவும் இருக்காது. எனக்கு இயல்பிலேயே வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் சொல்லிக் காட்டுவார்: "அங்க ஊத்தற தேனுல ஒரு ஸ்பூன் வூட்டுக்கும் எடுத்துனு வரக் கூடாதா?" எனக்குச் சிரிப்பு வரும், பதிலுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் சிரிப்பேன்.

ஆனால் ஒரு பயம் எப்போதும் இருந்தது. இரண்டு பேரில் யாருக்காவது தெரிந்துவிட்டால்? நடுவில் நிற்பவள் வார்த்தையை மாற்றுகிறாள் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அப்புறம் நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பாலில் தண்ணீர் கலக்கிறவர்களை ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாளைச் சொல்கிறேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் குடும்பம். நிலம் வைத்திருந்தவர்கள், இப்போது லாரியும் கடையும் வைத்திருக்கிறார்கள். மூத்த பெண்ணின் வரவேற்பு. வெயில் சாயும் நேரம், சமையலறையில் வேலை உச்சத்தில் இருந்தது. பெரிய அடுப்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. 'நான்' ரொட்டி சுடுவதற்காகத் தந்தூர் அடுப்பில் கரியைப் போட்டுக் கனியவிட்டிருந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்துக்குக் கடல் காற்று எழும்பி, தோரணத்தையெல்லாம் பிய்த்துக்கொண்டு போகும். அன்றைக்குக் காற்று விழுந்திருந்தது. சவுக்கு மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. தோரணம் கட்டுகிறவர்கள் நல்லதாகப் போயிற்று என்றார்கள்.

செஃப் என் மேசைக்கு வந்திருந்தார். கூட்டம் சொன்னதைவிட ஏறும் என்று பெண் வீட்டார் சொன்னதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் காதில் வாக்கி டாக்கியின் இயர்ஃபோன். அதில் எஞ்சினியரின் குரல் வந்தது.

"மேடம், கிச்சன்ல எல்லா அடுப்பையும் நிறுத்தணும். இப்பவே. பின்பக்க டிரெயினேஜ்ல கேஸ் வாடை வருது."

செஃப்புக்கு அது கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் பழக்கத்தில் ஆரம்பித்தேன்.

"செஃப், உங்களுக்குத் தெரியாதது இல்ல..."

"இன்னா, மறுபடியும் கேஸா?" என்றார். என் முகம் அவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"பின்னாடி வாடை வர்றதா சார் சொல்றார். ஒரு நிமிஷம் அடுப்பை நிறுத்திட்டுப் பாத்துட்டா..."

"அன்னிக்கும் இதே கதைதான் சொன்னாரு. எண்ண காஞ்சிகினு கீது, சாதம் பாதில கீது. இன்னொரு வாட்டி அத்தினி பேரு முன்னாடி நான் நிக்க முடியாது. முடியாதுன்னு சொல்லிடும்மா."

அவர் குரல் ஏறவில்லை. அவர் கத்தினால் பரவாயில்லை, கத்தி முடித்துவிட்டு வேலையைச் செய்வார். இப்படித் தணிந்து சொன்னால் நகர்த்த முடியாது. நான் பொத்தானை அழுத்தினேன்.

"சார், செஃப் கொஞ்சம் யோசிக்கிறார். ஒருவேளை அலாரம் மாதிரி..."

"அலாரம் இல்ல மேடம். என் மூக்கு." முதல் தடவையாக அந்தக் குரல் உயர்ந்தது. "வால்வை நான் மூடிடுவேன். ஆனா உள்ள ஓடுற டிரெயினேஜ்ல வாயு இறங்கி நிக்குது, காத்து வேற இல்ல. அதுக்குப் பக்கத்துல தந்தூர்ல கரி எரியுது. அதை நான் இங்கேருந்து எப்படி மூடறது? அது அவர் கையிலதான் இருக்கு. அவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

புரியற மாதிரி. எஞ்சினியர் சொன்னதை அப்படியே சொன்னால், இரண்டாவது தடவை தன் சமையலறையை நிறுத்த வருகிறான் என்று செஃப் முறுக்கிக்கொள்வார். காகிதம் சுற்றிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் அவசரம் தெரியாது. அதைத்தான் இப்போது செய்தேன், அவர் போகலாம் என்று திரும்பிவிட்டார். உள்ளே காய் நறுக்கும் பெண்கள் இருந்தார்கள். நெம்மேலியிலிருந்து வருகிற ஒருத்தி காலையில்தான் எனக்குக் கொய்யாப்பழம் கொடுத்திருந்தாள். அவள் சிரிப்புச் சத்தம் கதவு வழியே கேட்டது. இத்தனை மாதம் இரண்டு பேரையும் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த என் வார்த்தைகள், அந்த நிமிஷம் இரண்டு பேருக்கும் நடுவில் சுவராக நின்றன.

நான் இயர்ஃபோனை வாக்கியிலிருந்து பிடுங்கினேன். "செஃப், நான் சொல்லலை. நீங்களே கேளுங்க" என்று வாக்கியை அவர் முன்னால் நீட்டினேன்.

அந்தப் பக்கம் இருந்தவருக்கு இது தெரியாது. ஸ்பீக்கரில் குரல் நடைவழி முழுக்கக் கேட்டது.

"மேடம்? என்ன சொல்றான் அந்த ஆளு? என்னை வேலை தெரியாதவன்னு சொன்னவன்தானே. அவன் திமிருக்கு உள்ள இருக்கிறவங்க எல்லாரும் சாகணுமா? கேளுங்க அவனை!"

அவன். அத்தனை மாதத்தில் எஞ்சினியர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. நடைவழியில் தட்டு எடுத்துப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். செஃப்பின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். அந்தக் கை வாக்கியை என்னிடமிருந்து வாங்கியது. வீசி எறியப்போகிறார் என்று நினைத்தேன். எறிந்திருந்தாலும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் பொத்தானை அழுத்தினார். அவர் மூச்சுவிடுவது அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"சார், செஃப் பேசறேன்" என்றார். "உங்களுக்குத் தெரியாதது இல்ல. நான் இன்னா பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பிறகு எஞ்சினியர் பேசினார், பழைய குரலில்.

"செஃப், எல்லா அடுப்பு குமிழையும் மூடச் சொல்லுங்க. லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எந்த ஸ்விட்சுலயும் யாரும் கை வைக்கக் கூடாது. எரியறது எரியட்டும், ஓடறது ஓடட்டும். ஆளுங்களைப் பின்பக்கம் விட வேண்டாம், முன்பக்கமா அனுப்புங்க. தந்தூர்..."

"தந்தூர நான் பாத்துக்கறேன்."

"யாரையாவது..."

"கரிய வேற யாரு மூடறது சார்? நீங்க வால்வ பாருங்க."

வாக்கியை என் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஓடவில்லை. ஓடினால் உள்ளே இருப்பவர்கள் பயந்து ஏதாவது செய்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் குரல் கேட்டது: "எல்லாரும் அடுப்ப மூடிட்டு முன்னாடி போங்க. ஸ்விட்ச தொடாதீங்க. எதயும் எடுக்காதீங்க, கத்திய கூட வெச்சிட்டு போங்க." கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நெம்மேலிக்காரி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி "இன்னாக்கா ஆச்சு?" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்து வெளி வாசல் பக்கம் தள்ளினேன். புல்வெளியில் எல்லோரையும் நிற்கவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். செஃப் மட்டும் இன்னும் வரவில்லை.

தந்தூர் சமையலறையின் கோடியில் இருக்கிறது. அதன் காலடியில்தான் அந்த டிரெயினேஜ். கரியில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெறிக்கும். மேல் மூடியைப் போட்டு, கீழே காற்று நுழையும் ஓட்டையை ஈரச் சாக்கால் அடைக்க வேண்டும். ஒன்றும் பெரிய வேலை இல்லை. தினமும் வேலை முடிந்ததும் செய்வதுதான். ஆனால் நின்றுகொண்டிருந்த எனக்கு, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது முடிகிற மாதிரி தெரியவில்லை. வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன்.

அப்போது கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு எஞ்சினியர் ஓடி வந்தார். வால்வை மூடிவிட்டு அங்கேயே நிற்க வேண்டியவர். சட்டை முழுக்க வேர்வை.

"செஃப் எங்க?"

நான் கதவைக் காட்டினேன். அவர் நின்று யோசிக்கவில்லை, உள்ளே போய்விட்டார். இரண்டு பேரும் உள்ளே. நான் பெற்ற பிள்ளைகளுக்காகக்கூட அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

வெளியே வரும்போது இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். செஃப்பின் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே எஞ்சினியர் கேட்டார்.

"கீழ் ஓட்டையையும் அடைச்சாச்சா?"

"ரெண்டயும் அடைச்சிட்டேன்."

அவ்வளவுதான். கையும் குலுக்கவில்லை, தோளும் தட்டவில்லை. நான்தான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

தரைக்கு அடியில் போகும் குழாயின் ஓர் இணைப்பை உப்பு தின்றிருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குச் சமையலறைக்குள் யாரையும் விடவில்லை. எஞ்சினியரின் ஆட்கள் தனி சிலிண்டர்களையும் அடுப்புகளையும் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்துத் திறந்தவெளிக்குத் தூக்கி வந்து, சுற்றிலும் தகரம் நிறுத்தினார்கள். பாதி வெந்த சாதத்தை அங்கே கொண்டுபோய் ஏற்றினார்கள். தந்தூர் இல்லை, அதனால் ரொட்டி இல்லை, பூரி போட்டார்கள்.

பூரி உப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த செஃப்பிடம் நான் மெதுவாகப் போய் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவன் இவன்னு அவர் பேசினதைக் கேட்டதுக்கு அப்புறமும், எப்படி செஃப் அப்படிப் பேசினீங்க?"

கரண்டியால் ஒரு பூரியைத் திருப்பிப் போட்டார். "கூட்டத்துல வெச்சி நான் அப்டி பேசிட்டேன். அந்த ஆளு அத்த மனசுல வெச்சிக்காம, 'உங்களுக்குத் தெரியாதது இல்ல'ன்னு உன்கிட்ட எத்தினி வாட்டி சொல்லி அனுப்பிக்கீறாரு. தினம் தினம். ஒரு நாளு கோவத்துல அவன்னுட்டாரு. போவட்டும்."

எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அது அவர் சொன்னது இல்லை, நான் சொன்னது. அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால் இன்று நடந்ததெல்லாம் என்ன ஆகும்? பூரி வாசனைக்கு நடுவே நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, "எண்ணெய் போதுமா?" என்று கேட்டேன்.

சாப்பாடு தாமதமாகத்தான் ஆரம்பித்தது. நான் பயந்துகொண்டே இருந்தது நடந்தது. பெண்ணின் தாய்மாமன், வெள்ளை வேட்டி, மோதிரம் போட்ட விரலை நீட்டிக்கொண்டு நேராக செஃப்பிடம் போனார். "இன்னாய்யா நெனச்சிக்கினு கீறீங்க? மாப்ள வூட்டுக்காரங்க பசியோட குந்திக்கினு கீறாங்க!" சுற்றிலும் ஆட்கள் திரும்பினார்கள். செஃப்பின் கை தொப்பியைக் கழற்றப் போனது. அந்தப் பழைய நாள் அப்படியே திரும்பி வந்து நின்றதைப் பார்த்தேன்.

தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எஞ்சினியர் அதை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

"சார், அடுப்பை நிறுத்தச் சொன்னது நான்" என்றார். "கேக்கறதை என்னைக் கேளுங்க. கேஸ் லீக் ஆச்சு. இவர் நான் சொன்னதை உடனே கேட்டு எல்லாத்தையும் அணைச்சார். கேக்காம இருந்திருந்தா நாம இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

தாய்மாமனின் விரல் கீழே இறங்கியது. கேஸா என்றார். அப்புறம் யாருக்கும் ஒண்ணும் இல்லையே என்றார். அவரும் லாரி வைத்திருப்பவர், டீசல் டேங்கைப் பார்த்துப் பழகியவர். கடைசியில் அவரே போய் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வந்து முதல் பந்தியில் உட்காரவைத்தார். செஃப் தொப்பியைத் திரும்பவும் அழுத்தி வைத்துக்கொண்டு பூரியைப் பார்க்கப் போனார்.

மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கும்போது இனி எனக்கு இந்த ஓட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நேரடியாகப் பேசத்தான் ஆரம்பித்துவிட்டார்களே. மேசையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் வலது கதவு திறந்தது. எஞ்சினியர் வந்து நின்றார்.

"மேடம், அந்தக் குழாயை முழுசா மாத்தணும். ஒரு வாரத்துக்கு உள்ள சமைக்க முடியாது. செஃப்கிட்டச் சொல்லிடுங்க."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "நீங்களே சொல்லலாமே சார். நேத்துதான் நல்லாப் பேசினீங்களே?"

"நேத்து அவசரம்" என்றார். இடது கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஏதோ கூச்சத்தோடு கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே."

போக வேண்டியவர் போகவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அந்த 'தெரியாதது இல்ல'. செஃப் சொன்னார், செஃப் சொன்னார்னு இத்தனை நாளா நீங்க வந்து சொல்லும்போதே எனக்குத் தெரியும், அது அவர் பேச்சு இல்லை, உங்க பேச்சு. ஆனா கேக்க நல்லா இருந்துச்சு, அதனால ஒண்ணும் சொல்லலை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நேத்து அவரே சொன்னார். நான் பேசினதைக் கேட்டுட்டு, அதுக்கு அப்புறமும் சொன்னார். அப்போ அவர்கிட்டயும் நான் சொன்னதா நீங்க சொல்லியிருக்கீங்க. அப்படித்தானே?"

மாட்டிக்கொண்டேன். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், எனக்கு அது அகப்படவில்லை.

"இப்போ போய்ச் சொல்லும்போதும் முதல்ல அதைச் சொல்லிட்டு அப்புறம் குழாய் விஷயத்தைச் சொல்லுங்க" என்றார்.

"எப்பவும் நீங்க சொன்னதாத்தான் சார் சொல்றேன்."

"தெரியும். இந்தத் தடவை நான் சொல்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு இடது கதவைத் தள்ளினேன். செஃப் அணைந்த அடுப்புகளுக்கு நடுவே நின்று நாஸ்தாவுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, எஞ்சினியர் சொன்னதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.